மூன்று ஈட்டிகளும் ஒரு மணிக்கயிறும்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வழியில் நீங்களாகக் கண்டுபிடித்தது போலப் பெருமைப்பட்டுக்கொள்ள இடம் தரக் கூடாது பாருங்கள். சாதாரண முட்டாள்கூட இல்லை. சாதாரண முட்டாள் அடுத்தவன் சொன்னதைக் கேட்டு ஏமாறுகிறான். நான் என்னை ஏமாற்றிய வாக்கியங்களை நானே, பிழையில்லாத ஜெர்மனில், நல்ல உச்சரிப்போடு, வேண்டிய இடத்தில் குரலைத் தழைத்துச் சொல்லி ஏமாந்தவன்.

இதில் யாருடைய பெயரையும் சொல்லப் போவதில்லை. பெயர்களைப் பற்றிய கதையில் பெயர் இல்லையா என்று கேட்கலாம். அர்த்தங்களை மட்டும் சொல்கிறேன். வம்பு முழுக்க அர்த்தத்திலிருந்துதான் வந்தது.

நான் பிறந்தது தூத்துக்குடிப் பக்கம். எங்கள் பங்குக் கோயிலில் அந்தக் காலத்தில் இருந்த சாமியார் ஒரு பிடிவாதம் வைத்திருந்தார். பிள்ளை எந்தத் தேதியில் பிறக்கிறதோ அந்தத் தேதிக்குரிய புனிதரின் பெயர்தான் ஞானஸ்நானத்தில். அதிர்ஷ்டசாலிகள் வாய்க்கு வசதியான புனிதர்களின் தேதிகளில் பிறந்தார்கள். நான் பிறந்த தேதியில் இருந்தவர், ஜெர்மனியில் ஏதோ ஒரு காட்டுப் பாறைக்குள் ஆயிரத்துச் சொச்சம் வருடங்களுக்கு முன் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு துறவி. அவர் பெயர் என் அம்மாவின் வாயில் கடைசிவரை நுழையவில்லை. "ஏலே" என்றே கூப்பிட்டு வளர்த்தாள். பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும் வாத்தியார் என் பெயர் வரும் இடத்தில் இருமுவார். நான் எழுந்து "உள்ளேன் ஐயா" என்பேன்.

எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரோடு இன்னொரு ஆளை நான் பார்த்ததே இல்லை. அதனால் அறுபதுகளின் கடைசியில், சாயப் பொருள்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யக் கொலோனுக்கு வந்தபோது, மற்றவர்களைப் போல் அந்நிய நாட்டுக்குப் போகிறோம் என்ற பயம் எனக்கு இல்லை. அங்கே எனக்குச் செல்வாக்குள்ள உறவினர் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பு. பெயரைச் சொன்னதும் அதிகாரிகள் எழுந்து நாற்காலி போடுவார்கள் என்றுகூட எதிர்பார்த்தேன். முதல் அதிகாரி எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்.

பல்கலைக்கழகத்து மாணவர் அலுவலகச் சுவரில் ஒரு சுற்றுலாப் படம் ஒட்டியிருந்தது. ரைன் நதிக்கு மேலே செங்குத்தான பாறை, பாறையைக் குடைந்து ஒரு சின்னக் கோயில், அடியில் கொட்டை எழுத்தில் என் பெயர். கொலோனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். புத்தியுள்ளவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவான். நான் அந்த ஊரிலேயே அறை எடுத்துக்கொண்டு, தினமும் ஒரு மணி நேரம் போய், ஒரு மணி நேரம் வந்தேன். ஆய்வுக்கூடத்தில் காரணம் கேட்டால் காற்று நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைப்பேன்.

அறை கொடுத்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். மனைவி இறந்துபோய்த் தனியாக இருந்தார். என் பெயரைக் கேட்டதும் வாயிலிருந்த சுருட்டை எடுத்து, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், என் கைகளைப் பார்த்தார், மறுபடியும் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் அதே பெயர். ஒரு காலத்தில் அந்த ஊரில் தெருவுக்கு ஒருவர் இருந்தார்களாம். சிலர் போரில் போனார்கள், மற்றவர்கள் வயதாகிப் போனார்கள், இளையவர்கள் பிள்ளைகளுக்குச் சினிமாப் பெயர்கள் வைத்தார்கள். கடைசியில் மிஞ்சியது இவர் ஒருவர்தான். ஒரே பெயருள்ள இருவரைப் பெயர்வழிச் சொந்தக்காரர்கள் என்று சொல்ல ஜெர்மனில் ஒரு சொல் இருக்கிறது. அதைப் பெருமையாக எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் அதை மனதுக்குள் பங்காளி என்று போட்டுக்கொண்டேன். நம் ஊரில் பங்காளி எதற்கு வருவான் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

வாழ்நாள் முழுவதும் தோள்பையில் பெயர்களைச் சுமந்து வீடு வீடாகக் கொடுத்த மனிதருக்குப் பெயர்களின் மேல் ஒரு பைத்தியம். யாரைப் பார்த்தாலும் பெயருக்குப் பொருள் சொல்லிவிட்டுத்தான் வணக்கம் சொல்வார். எதிர்வீட்டு ரொட்டிக் கடைக்காரரின் பெயருக்குப் புகழ்பெற்ற ஓநாய் என்று அர்த்தமாம். அவர் தன் வீட்டு நாய்க்குப் பயந்து பின்வாசல் வழியாக வருகிறவர். பூ விற்கும் அம்மாளின் பெயருக்குப் போர்க்களத்துக் காவல். எங்கள் இருவரின் பெயருக்கு ஈட்டி பிடிப்பதில் உறுதியானவன். நான் அதைக் கேட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பார்த்தேன். ஊறுகாய்ப் பாட்டிலைத் திறக்கவே இரண்டு பேர் வேண்டிய மணிக்கட்டு.

ஆனால் அந்தத் துறவியும் அப்படித்தானாம். அந்தக் காலத்துத் துறவிகள் பாதிப் பேருக்கு இப்படித்தான் என்றார் கிழவர். ஓநாய், கரடி, ஈட்டி, வெற்றி என்று அப்பன்மார் பெயர் வைத்தார்கள், பிள்ளை பெரியவனாகிப் பக்கத்துக் கோட்டையைப் பிடிப்பான் என்று. பிள்ளை காட்டுக்குப் போய்க் கிழங்கு தின்றான். எங்கள் துறவியும் ஒரு பிரபுவின் மகன். ஈட்டியை வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து பாறைக்குள் உட்கார்ந்தவர். தனியாக இருக்கத்தான் போனார். ஆனால் ஆற்றின் மேல் மூடுபனி இறங்கினால் படகுக்காரர்கள் வழி தெரியாமல் பாறையில் மோதுவார்கள் என்று ஒரு மணியைக் கட்டி அடித்தார். பிறகு எங்கே தனிமை? படகுக்காரர்கள் நன்றி சொல்ல வந்தார்கள், அவர்கள் மனைவிமார் வந்தார்கள், பிள்ளை இல்லாதவர்கள் வந்தார்கள், கடைசியில் கடன்காரர்களும் வந்தார்களாம். தனியாக இருக்கப் போனவனை உலகம் தனியாக விட்டதாகச் சரித்திரமே இல்லை. நான் ஒருவன்தான் கூட்டத்தோடு இருக்க ஆசைப்பட்டு, ஒற்றை அறையில், ஸ்பிரிட் அடுப்பில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்குப் பிறந்தநாள் பெரிய விஷயமில்லை. பிறந்தநாள் மாட்டுக்கும்தான் வருகிறது என்பார் கிழவர். பெயர்நாள் வர வேண்டுமானால் வானத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். எங்கள் நாள் இலையுதிர் காலத்தில் வரும். காலையில் பாறைக்கு ஏறிப் போய்த் துறவியின் மணியை அடிக்க வேண்டும். அந்தக் கயிற்றை அவர் பெயர் உள்ளவர்கள் மட்டும்தான் தொடலாம். ஊர்த்தலைவரானாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கிழவருக்குத் தோளில் வாதம். கயிற்றை இழுத்துவிட்டு ஒரு வாரம் படுப்பார். தனக்குப் பின் அந்தக் கயிறு யார் கைக்குப் போகும் என்பதுதான் அவருடைய வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே கவலை. அங்கே தூத்துக்குடியிலிருந்து நான் போய்ச் சேர்ந்தேன். முதல் வருடம் இருவரும் சேர்ந்து இழுத்தோம். வீட்டுக்கு வந்து பிளம்ஸ் பழக் கேக்கும் வெள்ளை வைனும். என் பெயருக்காக ஒருவர் மேசை விரிப்பு மாற்றியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

இரண்டாவது வருடத்துப் பெயர்நாளில்தான் அந்த வாக்குறுதி வந்தது. எனக்கு ஊரில் மனைவி இருந்தாள். விடுமுறைக்குப் போனபோது கல்யாணம், இரண்டாம் மாதமே நான் விமானம் ஏறிவிட்டேன். அவள் ஒரு பள்ளியில் டீச்சர். அவளை இங்கே அழைக்க வேண்டுமானால், குடும்பம் இருக்கத் தக்க வீடு இருக்கிறது என்று அலுவலகத்தில் காட்ட வேண்டும். ஒற்றை அறை செல்லாது. அந்தக் காலத்தில் நம் நிறத்தில் ஓர் ஆள் வீடு கேட்டுப் போனால், கதவு திறக்கும்போதே வீடு போய்விட்டது என்ற பதில் தயாராக இருக்கும். கிழவரின் வீட்டு மேல்மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. அதில் குடியிருந்த அம்மாள் அடுத்த இலையுதிர் காலத்தில் மகளோடு போய் இருக்கப் போகிறாள். கிழவர் இரண்டாவது கிளாஸை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"மாடி உனக்குத்தான். என் பெயர்க்காரனுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?"

நான் அன்றைக்கே ஊருக்கு எழுதினேன். அவளும் சும்மா இருக்கவில்லை. பள்ளி வருடம் முடிந்ததும் வேலையை விட்டாள். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அண்ணன் வீட்டில் ஒரு மூலையில் பெட்டியோடு உட்கார்ந்தாள். அண்ணி முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பரவாயில்லை, கொஞ்ச நாள்தானே என்று எழுதியிருந்தாள்.

இந்த இடத்தில் நண்பர் வருகிறார். கொலோன் தெருவில் ஒரு நாள், டிராம் கதவு மூக்குக்கு முன்னால் சாத்திக்கொண்டதும், அந்த டிராமின் பரம்பரையையே ஒருவர் தமிழில் விசாரித்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இளையவர், ஒரு மெஷின் தொழிற்சாலையில் பயிற்சிக்கு வந்திருந்தார். மனைவியையும் கூட்டி வந்திருந்தார், அவருக்கு நான்கு மாதக் கர்ப்பம். அவர்கள் இருந்த அறையின் சொந்தக்காரி, குழந்தை பிறப்பதற்குள் காலி செய்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். எனக்குத் தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். நான் ஒரு வாக்கியத்தில் மூன்று இங்கிலீஷ் வார்த்தை போடுவேன், அவர் இரண்டு ஜெர்மன் வார்த்தை போடுவார், மீதி இருப்பதில் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வோம். "அண்ணை, நீங்கள் கதைக்கிறது தமிழ் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்பார். நான் அவரைத் தம்பி என்று கூப்பிட்டேன். மனதிலும் அப்படித்தான்.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்தேன். மேல்மாடி அம்மாள் ஊரில் இல்லை, கிழவர் சாவியைக் கொடுத்தார். ஜன்னலுக்குத் திரை தைக்க அளவெடுத்தோம். நாடாவின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவர். எங்கே கட்டில், எங்கே அவள் படிக்கும் நாற்காலி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். சமையலறைக்கு வெயில் வரும் என்றார். இதை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவருக்குத் தெரியாது என்று யாரும் பிறகு சொல்லக் கூடாது.

அந்த வருடம் கிழவருக்கு ஒரு பெரிய அடி விழுந்திருந்தது. புனிதர்களின் காலண்டரைத் திருச்சபை மேலிடத்தில் திருத்தினார்கள். புது வருடத்தில் சமையலறைச் சுவரில் மாட்டப் புதிய காலண்டர் வந்தபோது எங்கள் தேதியில் எங்கள் துறவி இல்லை. வேறு யாரோ இருந்தார். கிழவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார், அடுத்த நாளில் பார்த்தார், அடுத்த மாதத்திலும் பார்த்தார். முகவரி மாறிப்போனவரைத் தேடுகிற தபால்காரர் மாதிரி. பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டால், உள்ளூரில் எப்போதும் போலக் கொண்டாடிக்கொள்ளலாம், தடையில்லை என்று சமாதானம் சொன்னாராம். "ஓய்வூதியம் கொடுத்துவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டு அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே மாட்டார். நான் அவரைச் சிரிக்க வைக்க, நாமிருவரும் இனிமேல் பெயரில்லாதவர்கள், வாடகையை யாரிடம் கொடுப்பது என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் சாப்பாட்டுக்கு வந்தார். கிழவரும் மேசையில் இருந்தார். வழக்கப்படி விருந்தாளியின் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டார். நண்பருடைய பெயர் முருகன் பெயர்களில் ஒன்று, கையில் வேல் உடையவன் என்று அர்த்தம். அவருக்கு ஜெர்மன் தட்டுத்தடுமாறித்தான் வரும். "நீங்களே சொல்லுங்கோ அண்ணை" என்றார். நான் சொன்னேன். வேல் என்றால் ஈட்டி என்றும் சொன்னேன்.

கிழவர் முட்கரண்டியைக் கீழே வைத்தார். ஈட்டியா என்று கேட்டார். ஈட்டிதான் என்றேன். எங்கள் ஈட்டியேதானா என்று கேட்டார். எனக்குக் குஷி பிறந்துவிட்டது. ஜெர்மன் துறவி ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குகைக்குப் போனார், எங்கள் ஊர் முருகன் கோபித்துக்கொண்டு மலைக்குப் போனபோதும் வேலை விடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். பல மாதங்களுக்குப் பிறகு கிழவர் சிரித்தார். பிறகு சுவரைக் காட்டி, எங்கள் துறவியை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள் என்று நண்பரிடம் சொன்னார்.

நண்பர் கொஞ்ச நேரம் காலண்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"பேர்நாளை எடுக்கலாம், பேரின்ர பொருளை எடுக்க ஏலாது எண்டு சொல்லுங்கோ."

என்ன வாக்கியம் பாருங்கள். எனக்கே புல்லரித்தது. அதை அப்படியே போடாமல், கொஞ்சம் பழைய ஜெர்மன் சொற்களைச் சேர்த்து, வேதாகமத்தில் வருவது போல ஆக்கிக் கொடுத்தேன். கிழவரின் கண் கலங்கியது. நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டார். பெயர் ஒன்றாயிருப்பது அதிர்ஷ்டம், பொருள் ஒன்றாயிருப்பதுதான் ரத்தம் என்றார். எனக்கு லேசாகப் பொறாமை வந்ததைச் சிரித்து விழுங்கினேன்.

அப்புறம் நண்பர் தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொன்னார். மனைவி, வயிற்றில் பிள்ளை, போக இடமில்லை. அவர் சொன்னது நாலு வரி. நான் சொன்னது ஒரு பக்கம். அந்த அறைச் சொந்தக்காரியின் முகத்தை நடித்துக்கூடக் காட்டினேன். கிழவருக்கு ஊரெல்லாம் பழக்கம், எங்காவது ஒரு வீடு பார்த்துக் கொடுப்பார் என்பது என் கணக்கு. கடைசியாக நண்பர் என் தோளில் கை போட்டார்.

"அண்ணை பெரிய மனசுக்காரன், தன்னட்டை இருக்கிறதையும் எனக்கு விட்டுத் தருவார் எண்டு சொல்லுங்கோ."

தன்னைப் பற்றிய புகழ்ச்சியைத் தானே மொழிபெயர்ப்பது எவ்வளவு சங்கடம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நான் வெட்கப்பட்டேன். குரலைத் தழைத்துக்கொண்டேன். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, ஒரு சொல்கூட விடாமல் சொன்னேன். கிழவர் என்னை வெகுநேரம் பார்த்தார். உண்மையாகவா என்று கேட்டார். நான், புகழ்ச்சியை உண்மையா என்று கேட்டால் என்ன சொல்வது, தலையைக் குனிந்து உண்மைதான் என்றேன். அடக்கம் நல்லது என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ.

இலையுதிர் காலம் வந்தது. காலண்டரில் இல்லாத எங்கள் பெயர்நாளும் வந்தது. மேல்மாடி அம்மாள் முந்தின வாரமே போய்விட்டாள். நான் அலுவலகத்தில் கொடுக்க விண்ணப்பத்தை எழுதி வைத்திருந்தேன், வீட்டுக்காரர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அன்று காலை பாறைக்கு ஏறியபோது நண்பரும் மனைவியும் வந்திருந்தார்கள். கிழவர்தான் அழைத்திருந்தார். மணிக்கயிற்றை நான் எடுக்கப் போனேன். கிழவர் என் கையைத் தட்டி விலக்கி, கயிற்றை நண்பரிடம் கொடுத்தார். புது ஈட்டி முதலில் இழுக்கட்டும் என்றார். சரி, விருந்தாளிக்கு மரியாதை என்று நான் கைதட்டினேன்.

மணி ஓய்ந்ததும் கிழவர் கோட்டுப் பையிலிருந்து மேல்மாடிச் சாவியை எடுத்து, அதே கையில் வைத்தார். அதற்கும் நான் கைதட்டினேன். வேடிக்கை என்றுதான் நினைத்தேன். அங்கே வேடிக்கை செய்கிற ஆள் நான் மட்டும்தான் என்பது மறந்துபோயிற்று.

நண்பரின் மனைவி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வயிறு முன்னால் நன்றாக வந்திருந்தது. நான் விட்டுக்கொடுத்ததாகக் கணவர் சொன்னாராம். தன் பிள்ளைக்கு என்னைப் பெரியப்பா என்று சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னார். அந்தக் கண்களில் ஒரு துளி கள்ளமில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, சாவியைத் திருப்பிக் கொடு என்று சொல்லக்கூடிய ஆளாக நான் இருந்திருந்தால், ஈட்டி பிடிப்பதில் உறுதியானவன் என்ற பெயர் எனக்குப் பொருந்தியிருக்கும்.

கிழவரைத் தனியாக இழுத்துக் கேட்டேன். அவர் என்னைத்தான் ஆச்சரியமாகப் பார்த்தார். நீதானே என் மேசையில் உட்கார்ந்து கேட்டாய், உன்னிடம் இருப்பதை அவனுக்கு விட்டுத் தருவதாகச் சொன்னாய், உண்மையா என்று நான் கேட்டேன், உண்மை என்றாய், உன் மனைவி காத்திருக்கும்போது இப்படிச் செய்கிறாயே என்று எனக்கு எத்தனை நாள் மனது கேட்கவில்லை தெரியுமா என்றார். அந்தத் துறவிகூட இவ்வளவு செய்திருப்பாரா தெரியாது என்று சொல்லி என் தோளைத் தட்டினார். ஒரே வருடத்தில் ஒரு துறவியைக் காலண்டரிலிருந்து எடுத்து, அந்தக் காலி இடத்தில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

என் மனைவி வந்து சேர அதன் பிறகு இரண்டு வருடம் ஆயிற்று. அந்த இரண்டு வருடமும் அவள் அண்ணன் வீட்டு மூலையில்தான் இருந்தாள். அன்று காலை பாறையில் நின்றபோது அது எனக்குத் தெரியாது. அவளுக்கு அன்றைக்கு என்ன எழுதுவது என்பது ஒன்றுதான் அப்போதைய கவலை.

மேசையில் கேக் காத்திருந்தது. கிழவரும் நண்பரின் மனைவியும் முன்னால் இறங்கிப் போனார்கள். அவர் விழுந்துவிடாமல் கிழவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் பின்னால் வந்தோம். நண்பர் சாவியைப் பைக்குள் போட்டிருந்தார், கையையும் பைக்குள்ளேயே வைத்திருந்தார். ஒரு வளைவு தாண்டும் வரை ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். மன்னிப்புக் கேட்டால் என்ன நகைச்சுவை சொல்லி மன்னிப்பது என்றுகூட ஒன்று யோசித்து வைத்திருந்தேன். அவர் படிகளைப் பார்த்துக்கொண்டே இறங்கினார். எனக்குத் தாங்கவில்லை.

"தம்பி, அந்த வீடு எனக்குன்னு உனக்குத் தெரியும்லா? நாடாவைப் பிடிச்சு அளந்தது நீதானே. அவ வேலையை விட்டுட்டு உக்காந்திருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, அவர்கிட்ட அந்த வீட்டை எப்படிக் கேட்ட நீ?"

அவர் நிற்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

"கேட்டது உங்கட வாய்தானே, அண்ணை."